சம்மதம் மட்டும் தமிழில்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே ஒரு கல்யாணத் தகவல் மையம் இருக்கிறது. மாடிப்படி என் கடையை ஒட்டித்தான் ஏறும். வரன் தேடி வருகிறவர்கள் முதலில் என்னிடம் பயோடேட்டா டைப் அடித்துக்கொண்டு, ஜாதகத்தை நகல் எடுத்துக்கொண்டு, பிறகுதான் மேலே போவார்கள். பயோடேட்டாவில் எல்லாரும் நல்ல உயரம், எல்லாரும் மாநிறத்துக்கு மேலே, எல்லாருக்கும் சாந்த சுபாவம். நான் வாயைத் திறக்காமல் அடித்துக் கொடுத்துவிடுவேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அந்த மையத்தில் போன் பேசுகிறவள் அமுதவல்லி. நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் கல்யாணம் முடிக்கிற இடத்தில் இப்படி ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்களே என்று சில பேர் படி இறங்கும்போது முணுமுணுப்பார்கள். எனக்குக் கோபம் வரும். அந்த மையம் ஓடுவதே அவளால்தான். வரன் பொருத்தம் பார்க்கக் கம்ப்யூட்டர் போதும். ஒரு வீட்டார் மறுத்துவிட்டதை இன்னொரு வீட்டாரிடம் சொல்லத்தான் மனுசி வேண்டும். அமுதவல்லியின் வேலை அதுதான்.

மையத்தின் ஓனர் சிவசாமி அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். அந்த அறைக்குள் யாரும் 'இல்லை' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லக்கூடாது. மங்கல காரியம் பேசுகிற இடமாம். விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்று சொல்லி வளர்ந்த மனிதர் அவர். நல்ல கொள்கைதான். ஆனால் அந்தத் தொழிலில் வருகிற பதிலில் முக்கால்வாசி 'வேண்டாம்' என்பதாக இருந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில்தான் இங்கிலீஷ் வந்து கைகொடுத்தது.

பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால், "அவங்க சைடுல கொஞ்சம் டிலே ஆகுதுங்க" என்பாள் அமுதவல்லி. மாப்பிள்ளையின் வேலை பிடிக்கவில்லை என்றால், "ஒங்க புரொஃபைல் ஹோல்டுல இருக்குங்க." பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்று போனை வைத்தவர்களின் பதில் இப்படிப் போகும்: "ஃபேமிலில டிஸ்கஸ் பண்ணிட்டு இருக்காங்க. கொஞ்சம் டைம் கேக்குறாங்க." எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். ஆனாலும் மரியாதையாக விளங்கும்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எல்லாம் ஒன்றுதானே, சுற்றி வளைப்பதில் என்ன லாபம் என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணு இல்லக்கா. 'வேணாம்'னா அது நேரா வீட்டுக்குள்ள வந்து, பொண்ணு மூஞ்சியப் பாத்துச் சொல்லும். 'டிலே'ன்னா செருப்போட வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிரும்" என்றாள். அதற்காக எல்லா இங்கிலீஷும் அவளுக்கு ஆகாது. 'நாட் இன்ட்ரஸ்டட்' என்று சொல்லவே மாட்டாள். சிம்கார்டு விற்கிறவனிடம் சொல்வதைப் பெண்ணைப் பெற்றவரிடம் சொல்வதா என்பாள். 'சாரி'யும் கிடையாது. பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்வது அது. கடைசியாக மட்டும் தவறாமல் "ஃபீல் பண்ணாதீங்க" என்பாள். வருத்தப்படாதீர்கள் என்று சொன்னால் அதுவரை இல்லாத வருத்தமும் வந்துவிடுமாம். ஃபீல் பண்ணாதீங்க என்றால் ஜனங்கள் லேசாகச் சிரித்துக்கொண்டு வைத்துவிடுவார்களாம்.

சம்மதம் வந்தால் மட்டும் அவள் இங்கிலீஷைத் தொடமாட்டாள். "பிடிச்சிருக்காம்மா. சம்மதம்னு சொல்லிட்டாங்க" என்று பளிச்சென்று வரும். என் கடை ஜன்னலுக்கு அந்தக் குரல் இறங்கி வந்தால், எங்கேயோ ஒரு வீட்டில் பந்தல் போடப் போகிறார்கள் என்று நான் தெரிந்துகொள்வேன். யாரும் போட்ட சட்டமில்லை இது. அவளுக்கே தெரிந்து செய்தாளா என்றும் எனக்குச் சந்தேகம்தான்.

அவளுடைய ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். அப்பா பிச்சைமுத்து விவசாயி; கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன். அவளை எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா தன் செல்போனை வயலுக்குப் போகும்போதும் மடியில் கட்டிக்கொண்டு போவாராம். கடைசியாக வந்தவர்கள் அறந்தாங்கிக்காரர்கள். பெண்ணை மிகவும் பிடித்த மாதிரிதான் பேசிவிட்டுப் போனார்கள். வாரக்கணக்கில் போன் வரவில்லை என்றதும் அவர் போனைச் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போனில் ஒரு கோளாறும் இல்லை, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அப்பா இறந்த பிறகு அமுதவல்லி புதுக்கோட்டைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தாள். "யாராச்சும் ஒருத்தராவது போன் பண்ணிச் சொல்லணும்ல அக்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

திருக்கோகர்ணத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. இவளுக்குச் செவ்வாய். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பதால் மையம் பூட்டியிருக்கும். ஊர் முழுக்க வேலைக்குப் போயிருக்கும் நாளில் ஒரு பெண் தனியாக லீவில் இருப்பது கொடுமை. சினிமாவுக்குத் துணை கிடையாது, கோயிலுக்குத் துணை கிடையாது. மற்ற நாளெல்லாம் காலை முதல் சாயங்காலம் வரை பேசிப் பேசித் தொண்டை கட்டுகிறவள், செவ்வாயன்று காலையில் பால்காரரிடம் சொல்கிற ஒரு வார்த்தையோடு சரி. பல செவ்வாய்களில் என் கடைக்கு வந்து, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சும்மா இருந்தால் கை துறுதுறுக்கிறதென்று சாக்கு. எனக்குத் தெரியாதா? மனித சத்தத்துக்காகத்தான் வருவாள்.

ஆடியும் மார்கழியும் அதைவிட மோசம். அந்த மாதங்களில் மாடியில் போனே அடிக்காது.

இப்படி இருக்கையில்தான் ஜெகதாப்பட்டினம் நாகராசு அந்த மையத்தில் பெயர் கொடுத்தார். ஐஸ் பிளாண்டில் மெக்கானிக். மனைவி காய்ச்சலில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் கிடையாது. அக்கா ஒருத்தர்தான் துணை. நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வரன் அமையவில்லை. கடற்கரையில் வந்து யார் இருப்பது என்றார்கள் சிலர். இரண்டாந்தாரம் என்றார்கள் சிலர். மணமேல்குடியில் மகளோடு இருந்த ஒரு கைம்பெண் வீட்டில் மட்டும் சரி என்றார்கள்; அதற்கு இவர்தான் பதில் சொல்லாமல் இருந்தார். ஒவ்வொரு மறுப்பையும் அமுதவல்லிதான் அவருக்குச் சொன்னாள். லொக்கேஷன் பார்க்கிறார்கள், ஏஜ் கேப் யோசிக்கிறார்கள், டிலே, ஹோல்டு, டைம். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்பார். பிறகு போனை வைக்காமல், சாப்பிட்டீங்களா என்று கேட்பார். அங்கிட்டு மழையா என்று கேட்பார். அவர் போன் வந்த நாட்களில் இவள் படி இறங்கும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். நான் கேலி செய்தால், "அவரு டீசன்டா பேசுவாருக்கா, அவ்வளவுதான்" என்பாள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், நாகராசு என் கடைக்கு வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒன்றுமில்லை. அமுதவல்லி உள்ளே தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மேல லீவுங்களே" என்றாள்.

"தெரியுங்க. அதான் இன்னைக்கு வந்தேன். மையத்து விசயமா வரலைங்க. ஒங்க விசயமா வந்தேன்."

நான் மெஷினை நிறுத்தினேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் பேசிவிட்டார். "இத்தனை நாளா பொண்ணு வீட்டுப் பதிலையெல்லாம் எனக்கு நீங்கதான் சொல்றீங்க. பதிலு எதுவா இருந்தாலும், ஒங்க போன் வந்த அன்னைக்கு எனக்கு மனசு நல்லா இருக்கும். அதான், வேற யாரையும் எதுக்குக் கேக்கணும், ஒங்களையே கேட்டுருவோம்னு வந்தேன். என்னையக் கட்டிக்கிறதுக்கு ஒங்களுக்குச் சம்மதங்களா?"

செவ்வாய்க்கிழமை, ராகு காலத்துக்குக் கிட்டத்தில், ஜெராக்ஸ் கடையில் நின்று கேட்கிற கேள்வியா இது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அமுதவல்லியின் முகம் சிவந்து, காது சிவந்து, கையில் இருந்த தாள் சரிந்தது. அவளுக்கு அவரைப் பிடிக்கும். பிடித்ததால்தான் பயம். இத்தனை வருடம் அடுத்தவர் சம்மதத்தை மட்டுமே சொன்ன வாய்க்குத் தன் சம்மதத்தைச் சொல்லத் தெரியவில்லை. பழகின பக்கம் ஓடிவிட்டது. மாடியில் பேசுகிற அந்த மெத்தென்ற குரலில் சொன்னாள்:

"ஊர்ல அண்ணன்கிட்ட... ஃபேமிலில டிஸ்கஸ் பண்ணிட்டு... கொஞ்சம் டைம் குடுங்க. நான் கன்ஃபர்ம் பண்றேன்."

நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். அதே குரலில், அதே மரியாதையில் எத்தனை பதில் கேட்டிருப்பார். நிமிர்ந்தபோது சிரிக்கத்தான் செய்தார்.

"சரிங்க. நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க. வாரேங்க" என்று சொல்லிவிட்டு அறந்தாங்கி பஸ் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இந்த மகராசி மல்லிகைப்பூ வாங்கி வந்து எனக்குப் பாதியைக் கிள்ளிக் கொடுக்கிறாள். "செட் ஆகும்னு தோணுதுக்கா. நல்ல கேரக்டர்" என்கிறாள். பிடிச்சிருக்குன்னு வாய்நிறையச் சொல்லேன்டி என்றால், "போங்கக்கா" என்று வெட்கப்படுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ சொன்னது அவருக்கு மறுப்பாப் பட்டிருக்கும்டி. மூஞ்சியப் பாத்தேன்ல. ஒரு போனைப் போட்டுப் பளிச்சுனு சொல்லிரு."

"டைம்தானக்கா கேட்டேன். சரின்னுதானே சொல்லிட்டுப் போனாரு. வெயிட் பண்ணுவாரு. பொண்ணு வீட்டுல முந்திக்கிட்டுப் போன் பண்ணினா நல்லா இருக்காது. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன்."

அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் அவளை அதட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த லீவு நாளில் ஆவுடையார்கோவிலுக்குப் போய் அண்ணன் கோபிநாத்திடம் சொன்னாள். இந்த வயசில் எதுக்கு என்று அண்ணி இழுத்திருக்கிறார். ஊரில் என்ன பேசுவார்கள் என்று அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறார். கடைசியில் சரி என்றுவிட்டார். ஆனால் அப்போது தேய்பிறை. நல்ல வார்த்தையைத் தேய்பிறையிலா சொல்வது? "வளர்பிறை பொறக்கட்டும். மொத வெள்ளிக்கிழமை நானே அவருக்குப் போன் பண்ணிப் பேசுறேன்" என்று அண்ணன் சொல்ல, இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்காக அவள் காத்திருந்ததை நான் பார்த்தேன். காலண்டர் முன்னால் நின்று பிறையைப் பார்க்கிறவளை அதற்கு முன் கல்யாணப் பெண்களின் அம்மாக்களில்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பயோடேட்டா கட்டு ஒன்றைக் கொடுக்க நான் மாடிக்குப் போயிருந்தேன். சிவசாமி அண்ணன் வெளியே போயிருந்தார். மேஜை போன் அடித்தது. குறிப்பு எழுத வசதியாக அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அமுதவல்லிங்களா? நாகராசு பேசுறேங்க."

கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டு முடியை ஒதுக்கிக்கொண்டாள். "சொல்லுங்க."

"அந்த மணமேல்குடி வரன், நான் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருந்தேன்ல. அவங்களுக்குச் சம்மதம்னு சொல்லிருங்க. நேத்து நானும் அக்காவும் போயிட்டு வந்தோம். அந்தப் பொண்ணோட சின்ன மக வாசல் வரைக்கும் வந்து, திரும்ப எப்ப வருவீங்கன்னு கேட்டுச்சு. முறையா மையத்துலருந்து நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

அமுதவல்லி பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு நான் வந்து கேட்டத மனசுல வச்சுக்கிராதீங்க. ஒங்க பதிலு எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. எத்தனை நாளு கேட்ட கொரலு. எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

நான் மேஜையைச் சுற்றிப் பாய்ந்து போனேன். அப்படி இல்லைப்பா என்று நானே சொல்லிவிடுவதற்கு வாயைத் திறந்தேன். அமுதவல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒல்லிக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"சந்தோசங்க. சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

"கிறுக்கியாடி நீ? கூப்பிடு. இப்பவே கூப்பிட்டு, நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்லு. நீயும் வாழ வேணாமா?"

"அந்தப் புள்ள எப்ப வருவீங்கன்னு கேட்டிருச்சேக்கா" என்றாள்.

 பதில் வரும் என்று நம்பி ஒரு வீடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர நான் யார்? இருந்தாலும் ஆத்திரம் ஆறவில்லை. அவர் மேல் ஆத்திரம், இவள் மேல் ஆத்திரம், தேய்பிறை மேல் ஆத்திரம்.

அவள் தண்ணீர் குடித்தாள். தொண்டையைச் செருமிச் சரிசெய்தாள். மணமேல்குடி நம்பரைப் போட்டாள். எடுத்தது மணப்பெண்ணின் அம்மா அழகம்மாள்.

"அம்மா, கல்யாண மையத்துலருந்து பேசுறேன். மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்காம்மா. சம்மதம்னு சொல்லிட்டாரு."

அந்தம்மா அழுதுவிட்டார். மகள் தாலியறுத்து வந்த நாளிலிருந்து தான் சரியாகத் தூங்கவில்லை என்றார். "ஒன் வாய்க்குச் சக்கரை போடணும் ஆத்தா. நீ கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துரணும். வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வா."

"வாரேம்மா" என்றாள் அமுதவல்லி. அன்றைக்கு மிச்சமிருந்த போன்களையும் பேசி முடித்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனுக்கு அவளே போன் பண்ணி, பேச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, அவருக்கு வேறு இடத்தில் கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்றாளாம். அண்ணனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஐப்பசியில் கல்யாணம். போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். வாரேன்னு சொல்லிட்டேனேக்கா என்று நின்றாள். இவளைத் தனியாக அனுப்ப முடியுமா? கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். மணமேல்குடியில் சின்ன மண்டபம், அளவான கூட்டம். நாகராசு எங்களைப் பார்த்ததும் மேடையிலிருந்து எழுந்தே விட்டார். "இவங்கதான் நமக்குப் பேசி முடிச்சது" என்று மனைவியிடம் காட்டினார். அந்தப் பெண் அமுதவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நல்ல முகம். பட்டுப்பாவாடை கட்டிய மகள் நாகராசின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு யார் மேலும் கோபப்பட முடியாமல் போனதுதான் பெரிய கஷ்டம்.

சாப்பிட உட்கார்ந்தோம். அமுதவல்லி எல்லாவற்றையும் நன்றாகச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டு முறை வாங்கினாள். நாகராசு மாலையோடு பந்திக்கே வந்து, கூச்சப்படாமல் சாப்பிடுங்க என்று எங்கள் எதிரே ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அறந்தாங்கி பஸ் தயாராக நின்றது.

ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டுகிற வரை தாம்பூலப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் சண்டையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பேசினாள். மாடியில் பேசுகிற குரல் இல்லை அது. கரகரவென்று, பஸ் சத்தத்துக்கு மேலே, முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது.

"எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சுக்கா. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சம்மதம்னு சொல்லத்தான் அன்னைக்கு வாயைத் தொறந்தேன்."

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கேட்க வேண்டியவர் அங்கே மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.